பூசணிக்காய்ப் படம்

“பூசணிக்காய் மாதிரி இருக்கு சார்.”

சோதனைக்கு வந்து உட்கார்ந்த பெண் இப்படிச் சொன்னதும் சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. திரையில் இருந்தது பூசணிக்காய் அல்ல. பேராசிரியர் கொடுத்த கணக்கை வைத்து, நகரத்து பஸ்களின் தாமதத்தைக் காட்ட அவர் போட்ட வரைபடம். எட்டு வருடமாக ஒரே ஆய்வகத்தில் இந்தப் படத்தைக் கட்டிக்கொண்டு அழுவதால்தான் மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் அவருக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படத்தைப் பார்த்து எந்த பஸ் அதிகத் தாமதம் என்று யாராவது ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். பட்டம் வந்தால்தான் பெண் என்று காதலியின் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். காதலிக்கு நரையே எட்டிப் பார்த்துவிட்டது. வந்தவர்களோ எல்லாரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்கள்.

“நிதானமா பாருங்கம்மா. சிவப்பா இருக்குறது என்ன?”

“விதையா?”

“பஸ்ஸும்மா. அதுல எது பெருசா தெரியுது?”

“எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு.”

விடையைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அது சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் காதலியின் அப்பா கண்முன்னால் வந்து நின்றார்.

“ஏழாம் நம்பர் பக்கம் கொஞ்சம் பாருங்களேன்” என்றார் குரலைத் தாழ்த்தி.

“நீங்களே சொல்லலாமா சார்?”

“நான் எங்க சொன்னேன்? உங்க கண்ணே அங்கதான் போச்சு.”

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களுக்கு இது நெஜமாவே புரியுதா சார்?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? பளிச்சுனு தெரியுதே. ஏழுதான். மழைக்காலத்துல இன்னும் மோசம். இதோ, இந்த வளைவு சொல்லுதுல்ல?”

“சரி, ஏழுன்னே வச்சுக்கங்க.”

சித்தப்பா துள்ளி எழுந்தார். முதல் சரியான விடை. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பேராசிரியருக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

“இருங்க, நானே சொல்லிடறேன்” என்று அவள் தன் போனைக் காதில் வைத்தாள்.

“சார், இல்லாததும் கண்ணுக்குத் தெரியுமான்னு நாம பண்ற ஆராய்ச்சி முடிஞ்சுது. பஸ் கணக்குன்னு நீங்க அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுக் கொடுத்த நம்பர்ல, இவரு மழைக்காலத்தையே கண்டுபிடிச்சுட்டாரு.”