சம்பந்திக்கு முன்னால்

"சம்பந்தியம்மாகூடவா போட்டி போடப் போற? பொண்ணு அந்த வூட்ல வாழணுமா வேணாமா?"

புருஷன் கருப்பன் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். ரத்னம்மா காதில் வாங்கிக்கொள்ளாமல் கான்வாஸ் ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

விஜயபுரத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு மகளைப் படிக்க வைத்தவள் அவள். அந்த மகள் யமுனா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஹரிபாபுவைக் கட்டிக்கொண்டாள். அப்பா அம்மாவைத் திருப்பதியில் ஒரு ஃபிளாட்டில் குடிவைத்தாள். லிஃப்ட் கதவு மூடினாலே ரத்னம்மாவுக்கு நெஞ்சை அடைக்கும். அதனால் ஆறாவது மாடிக்கும் படிதான்.

ஹரிபாபுவின் அம்மா பத்மினி வேறு ரகம். சித்தூரில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். சுகர் வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் படி ஏறவே ஆரம்பித்துவிட்டார். ஹைதராபாத், பெங்களூர் என்று எங்கே மாடிப்படிப் பந்தயம் வைத்தாலும் ஆஜர். சம்பந்தி வீட்டுக்கு வரும்போது பழம் மறந்தாலும் மறப்பார், மெடலை மறக்க மாட்டார்.

"இது முப்பது மாடி, சம்பந்தி. தொட்டுப் பாருங்க."

ரத்னம்மா தொட்டுப் பார்ப்பாள். "பாகுந்தி, நல்லா இருக்கு சம்பந்தியம்மா" என்பாள். உள்ளுக்குள் மட்டும் ஒன்று குடையும். ஒரு தரம். ஒரே ஒரு தரம் இந்தம்மாவுக்கு முன்னால் போகணும்.

அதற்குத் தோதாகத் திருப்பதியிலேயே ஒரு பந்தயம் வந்தது. பைபாஸ் பக்கம் புதிதாக எழும்பிய உயரமான கட்டடத்தில், ஐம்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கென்று தனியாக.

பத்மினியே போன் செய்தார். "நீங்களும் பேர் குடுங்க சம்பந்தி. சும்மா ஜாலிக்கு."

"திருமலைக்கு ஏறினா புண்ணியமாவது உண்டு. இதுல இன்னா கெடைக்கும்?" என்றார் கருப்பன்.

"வந்து பாருய்யா" என்று கிளம்பிவிட்டாள் ரத்னம்மா.

விசில் ஊதினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பாதி வரைக்கும் பத்மினிதான் முன்னால். அப்புறம் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏற ஆரம்பித்தார். ரத்னம்மா தாண்டினாள். தாண்டும்போது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டாள்.

பின்னால் புஸ்ஸு புஸ்ஸென்று சம்பந்தியின் மூச்சு.

மொட்டை மாடிக்கு இன்னும் ஒரே திருப்பம். லிஃப்டில் முன்னாடியே போய்விட்ட கருப்பனும் யமுனாவும் மேலே கைதட்டுவது கேட்டது. நடுவே மாப்பிள்ளையின் குரல்: "அம்மா, கமான்!"

அதைக் கேட்டதும்தான் ரத்னம்மாவின் கால் தயங்கியது. பெற்ற பிள்ளை எதிரிலேயே அவன் அம்மாவைத் தோற்கடித்தால்? நாளைக்கு அது யமுனாவின் தலையில்தானே விடியும்?

நின்றாள். குனிந்து ஷூவைத் தடவினாள்.

"இன்னா சம்பந்தி, நின்னுட்டீங்க?" பத்மினி வந்துவிட்டார்.

"கால்ல இன்னாவோ குத்திக்கினுச்சு. நீங்க போங்க சம்பந்தியம்மா."

பத்மினியும் நின்றுவிட்டார். "பரவால்ல. நீங்களே போங்க."

"ஐயோ, உங்களுக்கு முன்னாடி நானா? போங்க."

"முதல்ல வந்தது நீங்கதானே? போங்கன்றேன்ல!"

கல்யாணப் பந்தியில் உட்காரும் முன் உபசரிப்பதுபோல இருவரும் படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் வழி வுடுங்கம்மா..."

திருச்சானூரில் வளையல் கடை வைத்திருக்கும் கமலம்மா இருவருக்கும் நடுவில் புகுந்து ஏறிப் போனாள். மேலே கைதட்டலும் விசிலும் பறந்தன.

மெடல் போயே போச்சு.

பத்மினியின் முகம் சிவந்தது. ரத்னம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கங்க சம்பந்தியம்மா. என்னாலதான்..."

"உங்களாலதான்! பாதி மாடியிலேர்ந்து மூச்சு வாங்குற மாதிரி நடிச்சுக்கினே வர்றேன். ஒரு தடவை என்னைத் தோக்கடிச்சா இன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

ரத்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்மினிக்கு இப்போது துளிகூட மூச்சு வாங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"நீங்க எதுக்கு... தோக்கணும் சம்பந்தியம்மா?"

பத்மினி படியிலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"கல்யாணம் முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. இன்னும் எங்க வூட்டுக்கு வந்தா நாற்காலி நுனியிலதான் உக்கார்றீங்க. என்னைத் தோக்கடிச்சாலாவது சாஞ்சு உக்காருவீங்கன்னு பார்த்தேன், சம்பந்தி!"