நேற்று எத்தனை மணி நேரம்?

“இந்த வாரமும் பதினெட்டு பாட்டில் பூஞ்சையா? என்னம்மா தூங்குமூஞ்சி, இன்னும் ஒரு மாசம் பாப்பேன். அப்புறம் ஆளை மாத்திடுவேன்.”

ஆய்வகத் தலைவர் கத்திவிட்டுப் போனார். தூங்குமூஞ்சி என்பது ஆய்வகமே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். அந்த மகராசி ஒழுங்காகத் தூங்கியே மூன்று மாதம் ஆகிறது என்பது யாருக்குத் தெரியும்!

வேலையும் லேசுப்பட்டதல்ல. லெமன் பாம் என்று ஒரு செடி. புதினாவுக்கு அக்கா முறை. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். அதன் தண்டைக் கணுக்கணுவாக நறுக்கி, கிருமி போக இடுக்கியைத் தீயில் காட்டி, பாட்டிலுக்குள் இருக்கும் சத்துக் கூழில் நட்டு வளர்க்க வேண்டும். கை நடுங்கி விளிம்பில் பட்டால் போச்சு. நாலே நாளில் உள்ளே பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை.

கை நடுங்காமல் என்ன செய்யும்? வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. மாமனார் தவறியதிலிருந்து மாமியாருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அரை மணிக்கு ஒருதரம், “ஏய், முழிச்சிருக்கியா?” என்று குரல் வரும். இவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். விடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

ஆய்வகத்தின் கீழ்த்தளத்து டாக்டரம்மா, இதே செடியின் இலைப்பொடி தூக்கத்துக்கு உதவுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். இவள் கதையைக் கேட்டதும் சொன்னார்:

“உங்க மாமியாரையும் சேர்த்துக்கலாம். ஒரு மாசம், தினம் சாயங்காலம் ஒரு பொட்டலம், வெந்நீர்ல கலந்து குடிக்கணும். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. எத்தனை மணி நேரம் தூங்கினாங்கன்னு காலையில அவங்களே ஒரு தாள்ல எழுதி, கவர்ல ஒட்டிக் குடுக்கணும். நீங்க பிரிக்கக் கூடாது. நானும் கடைசியிலதான் பிரிப்பேன்.”

அன்று சாயங்காலம் பொடி கலந்த தம்ளரை நீட்டியதும் மாமியார் முகத்தைச் சுளித்தார். “என்னைச் சோதனை எலி ஆக்கப் பாக்கறியா?”

“வேற வழியில்ல அத்தை. வேலை போயிடும் போலிருக்கு. என்னால முடியல.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமியார் அவளையே பார்த்தார். தம்ளரை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பாருங்கள், ஒரு கூப்பாடு இல்லை. பக்கத்து அறையில் குறட்டை என்றால் அப்படிக் குறட்டை, கூரை பிய்த்துக்கொண்டு போகும் போல. இவளும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

“நல்லாத் தூங்கினியா?” காலையில் மாமியார் கேட்பார்.

“தூங்கினேன் அத்தை. நீங்க?”

“அதான் உன் காதுல விழுந்திருக்குமே.” ஒட்டிய கவரை நீட்டுவார்.

மாதக் கடைசியில் பூஞ்சை பிடித்தது ஒரே ஒரு பாட்டில். தலைவரே இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். “கெட்டிக்காரிம்மா நீ! வேலையை நீயே பாரு” என்றார். அவளுக்கு உயிர் வந்தது. அலமாரியில் இருந்த செடிகளைக் கொஞ்சாத குறைதான்.

மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். “உங்க மாமியாருக்குப் போனது வெறும் மாவுங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போகட்டும் டாக்டர். மருந்துன்னு நம்பியே தூங்கிட்டாங்க பாருங்க! முப்பது நாளும் என்னா குறட்டை!”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முப்பது தாள்களையும் அவள் முன்னால் வைத்தார்.

‘நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?’ என்பதற்கு நேரே, எல்லாத் தாளிலும் மாமியாரின் கோணல் எழுத்தில் ஒரே பதில்: ‘நான் தூங்கலை. மருமகள் ஏழு மணி நேரம்.’

அதற்குக் கீழே, ‘பக்க விளைவுகள் ஏதாவது?’ என்ற இடத்தில் எழுதியிருந்தார்: ‘விடிய விடியக் குறட்டை விட்டுத் தொண்டைதான் வலிக்கிறது.’