கோமதியக்காவின் இரண்டு துளைகள்

அந்த அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சுவரில் இத்தனை துளைதான் என்று கணக்கு உண்டு. அது தீர்ந்துவிட்டால் அந்த வீட்டு டிரில் சுழலாது. இன்னாசி தன் பங்கையெல்லாம் அலமாரிக்கும் டிவிக்கும் செலவழித்திருந்தான். இப்போது நிறைமாதமாக இருக்கும் அவன் மனைவி பிலோமினா குளியலறையில் வழுக்கி விழப் பார்த்தாள். அவள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி மாட்ட வழியில்லை.

சேதி கேட்ட எதிர்வீட்டுக் கோமதியக்கா தன் டிரில்லை எடுத்துக்கொண்டு வந்தாள். "கனமானது வேண்டாம், உன் கைக்கு இதுதான் தோது" என்று அவள் கணவர் பார்த்துப் பார்த்து வாங்கிய சின்ன டிரில். அவர் இறந்த பிறகு அவர் படத்தை மாட்ட மனம் வரவில்லை என்றாலும், மாதந்தோறும் அதைத் துடைத்துச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாள்.

"இதுல ரெண்டு துளை மிச்சம் இருக்கு தம்பி. போடு."

"யக்கா, அது அண்ணாச்சி படத்துக்குன்னு வச்சிருந்ததுல்லா?"

"ஒண்ணு அவுகளுக்கு. இன்னொண்ணு பக்கத்துலயே எனக்கு. எனக்கு இப்ப என்ன அவசரம்?" என்று சிரித்தாள். "அவுக ஃபிரிட்ஜ் மேல சாஞ்சு நிப்பாக. உயிரோட இருந்தப்பவும் அடுக்களையத்தான் சுத்திக்கிட்டிருந்தாக."

இரண்டு துளையிலும் கைப்பிடி உறுதியாக அமர்ந்தது. பிலோமினா அதைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுகையால் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதோடு டிரில் பூட்டிக்கொண்டது. இனி அது சுழலாது என்று தெரிந்தும், இன்னாசி அதன் வாயில் ஒட்டியிருந்த தூளைப் பிரஷால் தட்டி, துணியால் துடைத்து, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தான்.