விளக்குக்கே டார்ச்

"லேப்டாப்புல நடக்காத எதுவும் உலகத்துல நடக்காது. மீறி நடந்தா, தப்பு உலகத்து மேல."

கடைசி வருட வைவா தேர்வுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது இந்த விதியை உலகுக்கு அறிவித்தவன் கிராஃப். வகுப்பில் எல்லாருக்கும் அவன் கிராஃப்தான். காதல் கடிதத்தைக்கூட எக்ஸ் அச்சு, ஒய் அச்சு போட்டுத்தான் எழுதுவான் என்று பேச்சு. பதில் வந்ததாகத் தகவல் இல்லை.

அவனுடைய புராஜெக்ட் கூட்டாளி, சால்டரிங் அயர்னும் கையுமாகவே திரிவதால் சால்டர் என்று பெயர் பெற்றவள், இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் தன் சர்க்யூட் போர்டில் இருந்த சின்ன நியான் விளக்குக்கு நேராக போன் டார்ச்சைப் பிடித்தபடி நின்றாள்.

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டருக்குள் சிவப்பாக எரியுமே, அதே ஜாதி விளக்கு. தொண்ணூறு வோல்ட் வந்ததும் உள்ளே இருக்கிற வாயு பற்றிக்கொள்ளும். அதை ஆப்-ஆம்ப் என்கிற சிப் கவனித்து பஸ்ஸரை அலறவிடும். வோல்டேஜ் எகிறினால் ஊரைக் கூட்டுகிற கருவி. அதைக் கையால் செய்தவள் சால்டர்; அதையே கம்ப்யூட்டரில் வரைந்து ஓடவிட்டவன் கிராஃப்.

"விளக்குக்கே டார்ச் அடிக்கிற ஒரே ஆளு நீதான்டி. அப்படியே கன்னத்தைத் தட்டி 'எந்திரி கண்ணு'ன்னு கொஞ்சேன்."

"இருட்டுல இது சோம்பேறிடா. உள்ள இருக்கற முதல் எலக்ட்ரானை யாராவது உசுப்பி விடணும். லேசா வெளிச்சம் பட்டாப் போதும், உடனே பத்திக்கும்."

"என் சாஃப்ட்வேர்ல இருட்டும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. தொண்ணூறுன்னா தொண்ணூறு. டாண்ணு பத்தும்."

"போன வாரம் உன் சாஃப்ட்வேர்ல ஒன்பது வோல்ட் பேட்டரியை வச்சுக்கிட்டு ஆப்-ஆம்ப் நாப்பதாயிரம் வோல்ட் கொடுத்துச்சே, அது என்ன?"

"அது பெருந்தன்மை."

சால்டர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டியவள். இன்றைக்குத் தேறினால்தான் அந்த வேலை. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் வைவா, வேலை வேறு யாருக்கோ. கிராஃபுக்கு அந்தக் கவலை இல்லை. அவனை இன்னும் எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஸ்கிரீன்ல நடக்கறதும் டேபிள்ல நடக்கறதும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் திரும்ப வாங்க."

போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். புரொஜெக்டருக்காக ஜன்னலை மூடி லைட்டை அணைத்தார்கள். கிராஃப் ஒரு பட்டனைத் தட்ட, திரையில் கோடு ஏறியது. தொண்ணூறைத் தொட்டதும், விளக்கு பற்றியதற்கு அடையாளமாக, டாண் என்று விழுந்தது.

"பிரமாதம். இப்ப போர்டு."

சால்டர் வோல்டேஜ் குமிழைத் திருகினாள். விளக்கு எரியவில்லை. கடைசிவரை திருகினாள். பஸ்ஸர் மூச்சு விடவில்லை.

எக்ஸ்டர்னல் பேனா மூடியைக் கழற்றினார். அறையில் அது மட்டும் நன்றாகக் கேட்டது.

சால்டர் சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்தாள். அழுகிறாள் என்று கிராஃபுக்குப் புரிந்துவிட்டது. நாலு வருடமாக எந்த ரிசல்ட்டுக்கும் கண் கலங்காதவள்.

புரொஜெக்டர் கேபிளைப் பிடுங்கினான். அறை கும்மிருட்டானது. சிமுலேஷனை மூடிவிட்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தான். திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றினான். யாரும் தன் முகத்தைப் பார்க்காதபடி லேப்டாப்பைத் தூக்கி, அந்தக் குட்டி விளக்குக்கு மேல் குடை மாதிரி கவிழ்த்துப் பிடித்தான். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று நாம் கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம்.

மேசைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பாவம், அழுகிற அழுகையில் தலையை வேறு இடித்துக்கொண்டாள்.

விளக்கு பற்றிக்கொண்டது. பஸ்ஸர் போட்ட கூச்சலில் எக்ஸ்டர்னல் பேனாவைக் கீழே விட்டார்.

லைட்டைப் போட்டதும் முதல் கேள்வி கிராஃபுக்குத்தான் வந்தது. "என்னப்பா பண்ணின?"

"சார், இருட்டுல இது சோம்பேறி சார். முதல் எலக்ட்ரானை உசுப்பி விட வெளிச்சம் வேணும். அது வந்து... என் சாஃப்ட்வேருக்குத் தெரியாது சார்."

எக்ஸ்டர்னல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனையோ காலேஜ் போயிருக்கேன். சாஃப்ட்வேருக்குத் தெரியாத விஷயமும் இருக்குன்னு ஒரு பையன் வாயால கேக்கறது இதான் முதல் தடவை. ரெண்டு பேரும் பாஸ். கிளம்புங்க."

வராந்தாவுக்கு வந்ததும் சால்டர் போனை எடுத்து வீட்டுக்குச் செய்தி சொன்னாள். அவள் பேசி முடிக்கும்வரை கிராஃப் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"சாரிடி. அந்த விதியை வாபஸ் வாங்கிக்கறேன். இனிமே விளக்கு என்ன, ஃபேனுக்கே டார்ச் அடிக்கச் சொன்னாலும் அடிக்கறேன். நீ அங்க உக்காந்து அழுததைப் பார்த்ததும்தான் எனக்கு புத்தி வந்துச்சு."

சால்டர் அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"யாருடா அழுதா? பிளக்கு கழண்டு கிடந்துச்சு, சொருகினேன்."