நீக்கும் பகுதி

வலைப்பக்கத்தின் குறியீடுகளைப் பிரித்து உரையை மட்டும் எடுத்துத் தரும் அந்தச் சின்ன நிரலை, குருசுக்குப்பத்து மாடி வீட்டில் சிவசங்கரியும் அவள் கணவன் விஜயராகவனும் சேர்ந்துதான் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று 2006இல் இணையத்தில் விட்டபோது அதில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

“குறிப்ப நீக்குற பகுதி மட்டுந்தானே நீ எழுதின? அதுக்கெல்லாமா பேரு போடுவாங்க?” என்று சிரித்தான்.

பக்கத்தை எழுதுகிறவர்கள் உள்ளே தங்களுக்காகக் குறிப்புகள் எழுதி வைப்பார்கள். வெளியே தெரியக் கூடாத அவற்றைத் தூக்கிப் போடுவதுதான் அவள் பகுதியின் வேலை.

மழைக்காலத்தில் புகார்கள் வந்தன. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அதில் இல்லாத ஒரு தமிழ் வரி கடைசியில் வந்து நிற்கிறதாம். போலந்துக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார்: ‘எனக்கும் தலை வலிக்குதுங்க.’ பிரேசிலிலிருந்து வந்தது: ‘பேசிக்கிட்டே இருக்கேன், எங்க எழுந்து போறீங்க?’

எல்லாம் இந்த வீட்டில் அவள் சொன்னவை. நிரலை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தாள். அந்த வரிகள் அதில் எங்குமே இல்லை.

“எவளோ வெளையாடறா. யாருடி இவ, இப்படிப் பொலம்பறா?” என்றான் விஜயராகவன், கணினியைப் பார்த்தபடி.

“ஏங்க, அது நான்தான்.”

அவன் திரும்பவில்லை. அப்போதுதான் ஜப்பானிலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்தான்.

“தோ பாரு, இன்னொண்ணு,” என்று எரிச்சலோடு வாய்விட்டுப் படித்தான். “ஏங்க, அது நான்தான்.”