வஜ்ரனின் பக்கம்

பொம்மை அலமாரியில் இரும்பு வீரன் வஜ்ரனும் செவ்வந்தி என்ற நரியும் இணைபிரியாத சிநேகிதர்கள். அவன் முதுகில் சாய்ந்துதான் அவள் தூங்குவாள்.

ஒருநாள் யாரோ அவர்கள் தட்டில் ஒரு படப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அங்கிருந்த பொம்மைகள் ஒவ்வொன்றும் யார், எப்படிப்பட்டது என்று சொல்லும் கையேடு அது. செவ்வந்தி ஆசையாகப் புரட்டினாள். வஜ்ரனின் படத்துக்குக் கீழே, 'வில்லன். நரிகளைக் கண்டால் விடமாட்டான்' என்றிருந்தது.

"நான் என்றைக்காவது உன்னைத் தொட்டு அடித்திருக்கிறேனா?" என்றான் வஜ்ரன்.

"இதுவரைக்கும் இல்லை" என்றாள் அவள். ஆனால் தட்டின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவனைப் பார்த்த கண்ணை எடுக்கவேயில்லை.

வஜ்ரனுக்கு மனசு கேட்கவில்லை. சமாதானம் சொல்லக் கிட்டே போனான். அவள் பின்வாங்கினாள்.

"பின்னால் பார், விழப்போகிறாய்!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டினான். அந்தக் கையைக் கண்டு மிரண்டு அவள் இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள். தரையில் ஏதோ உடையும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பியபோது எல்லாப் பொம்மைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சும்மாவா எழுதியிருப்பார்கள்?" என்றது மர யானை.

வஜ்ரன் மெல்லத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கே அவற்றைக் கண்டு பயமாக இருந்தது.