முளைக்காத வெள்ளரி

இதை எனக்கு முதலில் சொன்னது சபியாதான். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் பங்குனியில் வந்ததல்லவா, அதற்கு மறுநாள். பலகாரம் கொண்டு வந்தவள், தூக்கைக் கீழே வைப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சபியாவின் வீடு மதுரைக்குள்ளே, பள்ளிவாசலை ஒட்டிய குறுகலான முடுக்கில். எந்நேரமும் பஞ்சு மூட்டை வண்டிகள் போக்கும் வரத்தும். ஒருநாள் ஒரு வண்டிச் சக்கரம் அவள் மகன் பாதுஷாவின் கால் விரலை உரசிவிட்டுப் போனது. ஐந்து வயசுப் பிள்ளை.

"இனி எம்புள்ள முடுக்குல விளையாடாது. நல்ல இடமா நானே பார்க்குறேன்."

முதலில் பார்த்தது மாட்டுச் சந்தைப் பொட்டல். பிள்ளைகள் இடுப்பு வரை சாணியோடு திரும்பின. அடுத்தது ஒரு புளியமரத்தடி. அங்கே எறும்புகள் முன்னாலேயே குடிவந்திருந்தன. மூன்றாவதாகத்தான் வைகை மணல்.

அது அமைந்துவிட்டது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுததும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சபியா முன்னால் நடப்பாள். முடுக்குப் பிள்ளைகள் அத்தனையும் பின்னால்.

"வைகையையே இவதான் வெட்டிவிட்டாப்புல நடக்குறா பாரு" என்பார் அவள் வீட்டுக்காரர் சேக் இஸ்மாயில்.

சபியா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "எந்த மண்ணு பிள்ளைகளுக்கு ஆகும், எது ஆகாதுன்னு காலை வச்சாலே எனக்குத் தெரியும்" என்பாள் பக்கத்து வீட்டுச் சைனபிடம்.

ஆனால் அங்கே ஒரு குறை இருந்தது. கோச்சடைக்காரி முத்துத்தாய் ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்தாள். ஒரு பாத்தியில் கொடி ஓடிக் காய்த்துக் கிடந்தது. இன்னொன்றில் நாலு பக்கமும் முள்வேலி இருந்ததே தவிர, நடுவில் ஒரு பச்சைகூட இல்லை. ஆனால் ஒரு பிள்ளை கிட்டே போய்விட்டால் போதும்.

"ஏய், என் வெள்ளரியை மிதிச்சுறாதீகடா!"

பிள்ளைகளும் பயபக்தியோடு கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்றே ஊற்றிவிட்டுப் போவார்கள்.

"ஒரு மாசமா ஊத்துதுக, ஒரு இலையைக் காணோமே?" என்றாள் சைனப்.

"விதை போட்டாத்தானே? எடத்தை வளைக்கிறா!" என்றாள் சபியா.

வேலிச் சந்தில் காலை நுழைத்து அமுக்கிப் பார்த்தாள். மெத்தையேதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தியா சைனப்! பஞ்சு மாதிரி மணலை இவ அமுக்கி வச்சுக்கிட்டு, நம்ம பிள்ளைகளைச் சரளைக்கல்லுல விட்டிருக்கா. என்ன நெஞ்சழுத்தம்!"

நேரே முத்துத்தாயிடம் போனாள்.

"இந்தாம்மா, எங்க உன் வெள்ளரி?"

"வரும் தாயி."

"எப்ப வரும்?"

"இந்த விதை கொஞ்சம் சோம்பேறி விதை."

"அது சோம்பேறியா, நீ களவாணியான்னு நான் பார்க்குறேன்" என்று சபியா முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினாள்.

"தாயி, வேணாம்!"

முதல் எட்டு மெத்தையாக இருந்தது. அடுத்த எட்டு தலையணை. அதற்கடுத்த எட்டில் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இன்னொரு காலைத் தூக்கலாம் என்றால் அதையும் காணோம்.

"யா அல்லா!"

முத்துத்தாய் மூங்கில் கம்போடு பாய்ந்து வந்தாள். "கம்பைப் பிடிங்க. உதறாதீக. அப்படியே படுத்துருங்க... படுங்க தாயி!"

இழுத்துப் போட்டபோது சபியாவுக்கு இடுப்பு வரை சேறு. செருப்பு இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன.

"இது உளை தாயி. மணல் வண்டிக்காரங்க தோண்டிப் போட்ட குழி. வெள்ளம் வந்து சேறடைச்சு, மேல மணல் மூடிக்கிருச்சு. தை மாசம் எங்க கன்னுக்குட்டி இதுலதான் போச்சு."

"இதைச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"சொல்லலையாக்கும்? உளை இருக்கு, கிட்ட வராதீகன்னு சொன்னேன். அன்னைக்கே நாலு பயலுக கம்பைத் தூக்கிட்டு ஆழம் பார்க்க வந்துட்டாய்ங்க. மறுநாள் வெள்ளரி போட்டிருக்கேன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிள்ளை கால் வைக்கலை. நீங்கதான் மொதக் கால்."

அதற்குள் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். பாதுஷா அம்மா மேலிருந்த சேற்றைப் பார்த்தான். பிடுங்கிக் கிடந்த வேலியைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

"அம்மா! வெள்ளரியை மிதிச்சிட்டியா?"

சபியா முத்துத்தாயைப் பார்த்தாள். முத்துத்தாய் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா ராசா" என்றாள் சபியா. "மிதிச்சிட்டேன். அம்மாவுக்குக் கண்ணு தெரியலை."

"இம்புட்டுப் பெரிய ஆளுக்குத் தெரிய வேணாமா?" என்றது சைனபின் சின்ன மகள்.

அன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு கொட்டாங்கச்சி கூடுதலாக ஊற்றின. சபியா வெறுங்காலோடு வேலியைத் திரும்ப அடைத்துவிட்டு, பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை நேரத்துக்கு வீடு திரும்பினாள். வாசலில் நின்ற சேக் இஸ்மாயில் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, வைகையை இன்னும் ஆழமா வெட்டிட்டு வாரியாக்கும்?"

முத்துத்தாயின் புருஷன் நல்லகாமன் தினம் ஒரு வண்டிக் கல் கொண்டுவந்து அந்தக் குழியில் கொட்டுகிறாராம். ஆடித் தண்ணீர் வருவதற்குள் தூர்ந்துவிடும் என்கிறார்கள்.

அதுவரைக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், "முத்துத்தாயி, வெள்ளரி நல்லா வருதா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டு வாருங்கள்.